நீல் யங்: ‘டெகேட்’ எடுக்கலாமா, ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ எடுக்கலாமா?

கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங்கைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இரண்டு தொகுப்புகள். 1977இல் வந்த ‘டெகேட்’டில் 35 பாடல்கள். 2004இல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ஸில் 16. என்னிடம் இரண்டுமே சிடியாக இருந்தன. இரண்டாவதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். ‘டெகேட்’டைக் கொடுக்க மனம் வரவில்லை.

‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’, ‘ஓல்ட் மேன்’, ‘ஒஹாயோ’ எல்லாம் இரண்டிலும் உண்டு. காலம் என்று பார்த்தால் ‘டெகேட்’ 1966இல் தொடங்கி 1976இல் நின்றுவிடும். மற்றது 1992இன் ‘ஹார்வெஸ்ட் மூன்’ வரை வருகிறது. ஆனால் அதிலும் 16இல் 11 பாட்டு 1969 முதல் 1972க்குள் வெளியானவை. முழு வாழ்க்கையையும் அளந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

நான் முக்கியமாக நினைப்பது வேறு. நீல் யங் பிடித்துப்போனவர்கள் தொகுப்போடு நிற்பதில்லை. ஒவ்வொன்றாக ஆல்பங்களும் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் தொகுப்புக்கு வேலை இருக்குமா?

நான் அடுத்து வாங்கியவை ‘எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்’, ‘ஆஃப்டர் த கோல்ட் ரஷ்’, ‘ஹார்வெஸ்ட்’. இந்த மூன்றும் வந்ததுமே ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ஸின் 9 பாட்டு இரட்டிப்பாகிவிட்டது, மிச்சம் ஏழு. அதே மூன்றையும் கழித்தால் ‘டெகேட்’டில் இன்னும் 24 பாட்டு நிற்கிறது. தனியாகப் பாடத் தொடங்கும் முன் அவர் இருந்த பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவின் காலத்துப் பாட்டுகளும், அதுவரை வெளிவராத ‘வின்டர்லாங்’, ‘கேம்பெய்னர்’ உட்பட ஐந்து பாட்டுகளும் அதில் அடக்கம். ‘ஆன் த பீச்’ ஆல்பம் 2003 வரை சிடியாக வரவே இல்லை. அத்தனை வருஷமும் அதிலிருந்து இரண்டு பாட்டையாவது சிடியில் கொடுத்தது ‘டெகேட்’தான்.

அப்புறம், தேர்ந்தெடுத்தது யார் என்பது. ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ விற்பனை, வானொலி ஒலிபரப்பு, பதிவிறக்கக் கணக்கு ஆகியவற்றை வைத்துக் கோத்தது. ‘டெகேட்’டை நீல் யங்கே கோத்தார், பாட்டுகளுக்குத் தன் கையெழுத்திலேயே குறிப்பும் எழுதினார். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ தன்னை நடுச்சாலைக்குக் கொண்டுவந்ததாகவும், அங்கே அலுத்துப்போய்ப் பள்ளத்துப் பக்கம் திரும்பியதாகவும் சொல்கிறார். அந்தப் பள்ளம் எது என்பது வரிசையிலேயே கேட்கிறது. ‘த நீடில் அண்ட் த டேமேஜ் டன்’ ‘ஹார்வெஸ்ட்’டில் வந்த பாட்டு. அவரோடு வாசித்த கிரேசி ஹார்ஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் டேனி விட்டன் ஹெராயினில் சிக்கிக் கிடந்ததைப் பார்த்து எழுதியது. அந்த ஆல்பம் வந்த 1972லேயே விட்டன் இறந்துபோனார். ‘டெகேட்’டில் அதை ‘ஹார்வெஸ்ட்’ பாட்டுகளிலிருந்து பிரித்து, ஹெராயினால் இறந்த மேடை உதவியாளர் புரூஸ் பெர்ரியைப் பற்றிய ‘டுநைட்ஸ் த நைட்’டுக்கு முன்னால் வைத்திருக்கிறார். எச்சரிக்கை முதலில், சாவு அடுத்து. முதல் தடவை அந்த இடத்தில் நான் சிடியை நிறுத்திவிட்டேன். ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ஸில் அதே பாட்டு ‘ஒஹாயோ’வுக்கும் ‘ஓல்ட் மேன்’னுக்கும் நடுவில் வந்து போகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘டெகேட்’டில் மட்டும்தான் கிடைக்கும் என்றிருந்த பெருமை குறைந்துவிட்டது. 2017இல் வந்த ‘ஹிட்ச்ஹைக்கர்’ ஆல்பத்தில் ‘கேம்பெய்னர்’ கூடுதலாக ஒரு சரணத்தோடு இருக்கிறது. ‘லவ் இஸ் எ ரோஸ்’ 2020இன் ‘ஹோம்குரோன்’ ஆல்பத்தில் கிடைக்கிறது. ஆனால் அந்த வரிசையும் கையெழுத்தும் வேறு எதிலும் வரவில்லை.

ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கேட்பவருக்கு அந்தக் குறிப்புகள் கையில் இருக்காது, அவருக்கு இந்த வித்தியாசம் பாதியாகிவிடும். மூன்று இசைத்தட்டுகளாக வந்த மூலப் பதிப்பை நான் கேட்டதில்லை, அதன் ஒலியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சிடி, காரில் போட, ‘ஹார்வெஸ்ட் மூன்’னும் வேண்டும் என்றால் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ சரி. தம்பிக்கு அது போதுமானதாக இருக்கிறது. ‘ஹார்வெஸ்ட் மூன்’ கேட்க ஆசை வந்தால் நானும் அவன் காரில்தான் ஏறுகிறேன்.