தோட்ட வேலைத் தொழில் தொடங்குகிறீர்களா? மண் லோடை டேப் வைத்து அளக்காமல் இறக்கவிடாதீர்கள்

சிங்கப்பூரில் புதிதாக நிலவனப்புத் தொழிலில் இறங்குபவர்கள் செடி வாங்குவதில் ஏமாறுவது குறைவு. செடி கண்ணுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் சுங்கை தெங்காவில் அடுத்த நர்சரிக்குப் போய்விடலாம். ஏமாறுவது மண்ணில்தான். அண்மையில் ஒரு தரைவீட்டு வேலையில், இரண்டே பேர் நடத்தும் ஒரு சிறு நிறுவனம் மண் விற்றவரிடம் ஏமாந்தது. கணக்கு தெரிந்தால் அடுத்தவர் தப்பலாம் என்பதால் அதை அளவுகளோடு எழுதுகிறோம்.

புல் போடவேண்டிய இடம் 60 சதுர மீட்டர். மண் 15 சென்டிமீட்டர் கனம் என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. 60 × 0.15 என்றால் 9 கன மீட்டர். கொட்டிய மண் தண்ணீர் பட்டதும் அமுங்கும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் கிட்டத்தட்ட 11. மண் விற்றவர், "10 அடி லாரியில் 4 நடை வரும், நடைக்கு 3 கன மீட்டர், மொத்தம் 12" என்றார். பாதிப் பணம் முன்கூட்டியே போனது, மீதி கடைசி நடை இறங்கியதும் கைக்குக் கை.

வந்தது எவ்வளவு? லாரி பாடியின் உள்நீளம் 3 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், மண் நின்ற உயரம் 35 சென்டிமீட்டர். பெருக்கினால் 1.68 கன மீட்டர். நாலு நடைக்கும் சேர்த்து 6.7. பணம் போனது 12-க்கு. பரப்பியபோது 11 சென்டிமீட்டர் இருந்த மண், இரண்டு வாரத் தண்ணீருக்குப் பிறகு 9 சென்டிமீட்டரில் நின்றது.

அளவு டேப் கையில் இல்லாவிட்டாலும் இந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சரக்கு வாகனத்தின் பக்கவாட்டில் அதிகபட்ச எடையும் வெற்று எடையும் கிலோவில் எழுதியிருக்கும். 10 அடி லாரியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை டன்தான். கலவை மண் ஒரு கன மீட்டரே ஏறக்குறைய 1.2 முதல் 1.5 டன் வரை இருக்கும். 3 கன மீட்டர் என்றால் 4 டன் பக்கம்! அந்த லாரி அதைச் சுமக்கவே முடியாது. வந்த 1.68-ஏ அளவுக்கு மீறிய சுமை. "10 அடி லாரியில் 3 கன மீட்டர்" என்று யாராவது விலை சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அளவில் பட்ட அடியைவிட மண்ணின் தரத்தில் பட்ட அடி பெரிது. கேட்டது ஏஎஸ்எம் (Approved Soil Mixture) என்ற செடி நடும் கலவை மண். இங்கே அந்தப் பெயரில் விற்கும் கலவை மூன்று பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல் என்ற கணக்கில் இருக்கவேண்டும். லோடின் மேற்பரப்பு கறுப்பாக, பொலபொலவென்றுதான் இருந்தது. சங்கோலால் (மண்வெட்டியால்) ஓர் அடி ஆழம் வெட்டியபோது அடியில் ஆரஞ்சுக் களிமண்ணும் நடுநடுவே நீலச் சாம்பல் நிறக் கட்டிகளும் தெரிந்தன. கட்டுமானத் தளத்தில் தோண்டி எடுத்த மண் இது. அந்தச் சாம்பல் கட்டி கடல் களிமண். தண்ணீரை உள்ளே விடாது, உப்பும் இருக்கும். அதன்மேல் போட்ட கவ் கிராஸ் (புல்தரைக்குப் போடும் அகல இலைப் புல்) முதல் வாரம் பச்சையாகத்தான் நிற்கும், ஏனென்றால் அது தன்னோடு வந்த மண்ணில் உயிர் வாழ்கிறது. வேர் கீழே இறங்க முடியாமல் போன பிறகுதான் திட்டுத்திட்டாக மஞ்சளாகும். அதற்குள் மண்காரருக்கு முழுப் பணமும் போயிருக்கும்.

லாரி மேலேயே செய்யக்கூடிய சோதனை: அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து லேசாக நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். விரல் நீளத்துக்கு உடையாமல் கயிறுபோல் நீண்டால் களிமண் அதிகம். நல்ல கலவை உருண்டையாகும், தட்டினால் உதிரும். நேரம் இருந்தால் முதல் நாளே மாதிரி வாங்கி, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், மக்கிய உரம் மிதக்கும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அந்த மண் வேண்டாம்.

கோரைக் கிழங்கையும் தேடுங்கள். வேர்க்கடலைப் பருப்பு அளவில், கறுப்பாகக் கடினமாக இருக்கும். மேலே புல்லைப் பிடுங்கினால் கிழங்கு கீழேயே தங்கி மறுபடி முளைக்கும். பராமரிப்பு ஒப்பந்தமும் உங்களுடையது என்றால் மாதாமாதம் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

அந்தச் சிறு நிறுவனத்தால் பணத்தை ஏன் மீட்க முடியவில்லை? ரசீதில் இருந்தது "மண் 4 லோடு" என்ற மூன்று சொல் மட்டும். கன மீட்டரும் இல்லை, கலவை விகிதமும் இல்லை. ஆர்டரை வாட்ஸ்அப்பிலாவது எழுதுங்கள்: எத்தனை கன மீட்டர், லாரி பாடியில் அளந்து, 3:1:1 கலவை, கட்டடக் கழிவும் களிமண் கட்டியும் இருந்தால் திருப்பி அனுப்பப்படும், ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாகப் பணம். இறக்குவதற்கு முன் டேப்பை வைத்து, வண்டி எண் தெரிய, படம் எடுங்கள். கொட்டிய பிறகு அது பழைய மண்ணோடு கலந்துவிடும். எதையும் நிரூபிக்க முடியாது.

பணம் அனுப்பும்போது பேநவ்வில் நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னுக்கே அனுப்புங்கள், யாருடைய கைபேசி எண்ணுக்கும் வேண்டாம். அந்த யுஇஎன் உயிரோடு இருக்கிறதா என்று, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ரசீதில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டிருந்தால், உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பதிவுப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

தொழிலுக்காக வாங்கியதில் தகராறு என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போய்ப் பயனில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான் வழி. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். அங்கே பேசப்போவது நீங்கள் எடுத்த படமும் எழுதிய ஆர்டரும்தான்.

அதே மண்காரர் "ஆளும் அனுப்புகிறேன், நாள் கூலி கொடுத்தால் போதும்" என்பார். வேறு முதலாளியின் பெயரில் வேலை அனுமதி வைத்திருப்பவரை உங்கள் தளத்தில் இறக்கினால் குற்றம் உங்கள்மேலும் வரும். அவருக்குக் காயம் பட்டால் உங்கள் காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்பவும் முடியாது.

மோசமான மண் ஏற்கெனவே இறங்கிவிட்டதா? புல் போடாதீர்கள். மூன்று இடத்தில் 30 சென்டிமீட்டர் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். ஒருமுறை வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகும் தேங்கி நின்றால், மேலே உரம் தூவிச் சரிசெய்ய முயல்வது வீண். சாம்பல் கட்டிகளைப் பொறுக்கி வெளியேற்றி, மேல் 10 சென்டிமீட்டரை எடுத்துவிட்டு, சரியான கலவையை நிரப்புங்கள். சோதித்த குழிகளை அன்றே மூடிவிடுங்கள், கொசு முட்டையிடும். புல்லை எல்லாம் முடிந்த பிறகு ஆர்டர் செய்தால் போதும். சுருட்டி வைத்த கவ் கிராஸ் இந்த வெயிலில் இரண்டு நாள்கூடத் தாங்காது.