அலையே இல்லாத மாசத்துக்கு அலை வித்தவன்: சேலம் போட்டோகிராபர்ஸ், பார்த்துக்குங்க

நேத்து சாயங்காலம் ஐந்து ரோடு பக்கம், என்னை ஏமாத்தின போட்டோ டூர்காரன் ஆபீஸ் மாடிப்படி ஏறி, பூட்டைப் பார்த்துட்டு இறங்கி வந்தேன். 1,35,000 ரூபாய். கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

நான் கல்யாண போட்டோகிராபர். நம்ம ஊர்ல இருந்து கடலைப் பார்க்கவே நாலஞ்சு மணி நேரம் பஸ்ல உட்காரணும். அதனாலயோ என்னவோ சர்ஃபிங், அதான் பலகையில நின்னு அலை மேல சறுக்கறது, அந்தப் படம்னா எனக்குப் பைத்தியம். போன ஆகஸ்ட்ல ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்ல போட்டோ பயிற்சி முகாம்னு சொன்னாங்க. இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்லயே ஏறிப் போனேன். நடத்தினவர் வெளிநாட்டுக் கடற்கரைகளுக்கு போட்டோ டூர் கூட்டிட்டுப் போறவராம். பேர் சொல்லல, கேஸ் போட்டிருக்கேன்.

அவர் பேச்சுல நான் விழுந்த இடம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வெளிய பனிமூட்டம். தண்ணிக்குள்ள கேமராவை வெச்சு எடுக்கற ஹவுசிங்கை என் கையிலயே கொடுத்தார். முன்னாடி இருக்கற கண்ணாடிக் குமிழை நாக்கால நக்கி, "இப்படி எச்சில் தடவிட்டா தண்ணி முத்து முத்தா நிக்காது அண்ணா, படலமா வழிஞ்சிடும்" அப்படின்னார். ஷட்டர் வேகம் செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கை விடக் குறைஞ்சா தெறிக்கற துளி கலங்கிடும்னார். எல்லாமே சரியான விஷயம். தொழில் தெரிஞ்சவன் ஏமாத்துவானான்னு நினைச்சேன்.

அப்புறம் போர்ச்சுகல் நசரே படம் ஒண்ணு காட்டினார். சிவப்புக் கலங்கரை விளக்கம், பின்னாடி மலை மாதிரி அலை. 2020 அக்டோபர்ல ஜெர்மன்காரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 86 அடி அலையில சறுக்கி உலக சாதனை பண்ணினப்ப, தான் அந்தக் கரையிலதான் நின்னதா சொன்னார். 2020 அக்டோபர்! இங்கிருந்து வழக்கமான வெளிநாட்டு விமானமே ஓடாத நேரம். நானே கல்யாண ஆர்டர் இல்லாம வீட்ல உட்கார்ந்திருந்த வருஷம். அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்க. இப்ப அந்தப் படத்தை நெட்ல போட்டுத் தேடினா வேற யாரோ எடுத்தது.

அவர் எனக்கு வித்த டூர் இதுதான்: இலங்கை அறுகம்பே கடற்கரையில ஏழு நாள் சர்ஃப், திருகோணமலையில ரெண்டு நாள் பாய்மரப் படகு. ஜனவரி 18 கிளம்பறதாப் பேச்சு. அங்கயே ஜிபேல 25,000. தங்கற இடத்துக்கு 60,000. "கேடமரான் புக் பண்ணிட்டேன்"னு அந்தப் பாய்மரப் படகுக்கு 50,000. நம்ம கட்டுமரத்துல இருந்து போன பேரை நமக்கே ஐம்பதாயிரத்துக்கு வித்திருக்கான்! அதுல பாதி வீட்டம்மா சீட்டு எடுத்த பணம். "ஏங்க, நல்லா விசாரிச்சீங்களா?"னு ஒரு தடவைதான் கேட்டா. தை மாசத்து முகூர்த்தம் ரெண்டு ஆர்டரையும் வேண்டாம்னு விட்டேன்.

டிசம்பர்ல இருந்து கதை மாறிடுச்சு. விசா லேட், டாலர் ஏறிடுச்சு, மீட்டிங்ல இருக்கேன், மாமனாருக்கு உடம்பு சரியில்லை. சந்தேகம் வந்து, தங்கறதா சொன்ன விடுதி நம்பரை மேப்ல எடுத்து நானே கூப்பிட்டேன். எடுத்தவர் அறுகம்பே பக்கத்துல பொத்துவில்காரர், நம்ம தமிழ்தான். "தம்பி, உங்கட பேர்ல புக்கிங் ஒண்டும் இல்ல. இது மாரிக்காலம், இப்ப அலை எங்க? சித்திரை கழியட்டும்" அப்படின்னார்.

அப்பதான் உட்கார்ந்து படிச்சேன். தென்மேற்குக் காத்து கரையில இருந்து கடல் பக்கம் வீசற மாசங்கள்லதான் அங்க அலை ஒழுங்கா உருண்டு உடையும், சுமாரா மே முதல் அக்டோபர் வரை. வடகிழக்குப் பருவத்துல எதிர்க்காத்தும் மழையும்தான். ஜனவரின்னா தெற்குக் கரை வெலிகம பக்கம் போகணும். இதை முதல்லயே தேடியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரீஃபண்ட் ப்ராசஸ்ல இருக்கு அண்ணா, ஏழு வேலை நாள்." எட்டாவது நாள்ல இருந்து வாட்ஸ்அப்ல ஒத்தை டிக். நேத்து ஆபீஸ் போனேன். கீழ டீக்கடைக்காரர், "இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளுங்க" அப்படின்னார். எனக்குக் கோபம் வரல, வெட்கமா இருந்துச்சு. 1,35,000.

சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சாச்சு. பணம் போன கையோட கூப்பிட்டிருந்தா கணக்கை முடக்க வாய்ப்பு அதிகமாம். நான் கூப்பிட்டது அஞ்சு மாசம் கழிச்சு.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், நேரமில்லை. சீசன் எந்த மாசம்னு நீங்களே பாருங்க. விடுதிக்கு நேரா போன் போடுங்க. படம் அவங்களுதான்னு தேடிப் பாருங்க. தனி ஆள் கணக்குக்கு முழுப் பணமும் அனுப்பாதீங்க.

விட்ட ஆர்டர்ல ஒண்ணைக் கெஞ்சி திரும்ப வாங்கியிருக்கேன், ரெண்டாவது கேமராமேனா. மாப்பிள்ளை அழைப்புக்குக் கூப்பிடறாங்க. அந்த டூர்காரனுக்குப் பணம் கட்டின மத்த மூணு பேர் இதைப் படிச்சா எனக்கு மெசேஜ் போடுங்க, சேர்ந்து போலாம்.