சட்டைப்பையில் ஜிஆர் 3, தோளில் எக்ஸ்-இ4: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ரிக்கோ ஜிஆர் 3, ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-இ4 ஆகிய இரு கேமராக்களையும் சென்னையில் சில ஆண்டுகளாக மாறிமாறிப் பயன்படுத்தி வருகிறேன். முன்னது 2019-இல் விற்பனைக்கு வந்த, லென்ஸைக் கழற்ற முடியாத, சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் கேமரா. பின்னது 2021-இல் வந்த, லென்ஸ் மாற்றத்தக்க, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் சாயலில் அமைந்த மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா). இவற்றில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அளவையும் படத்தின் தரத்தையும் மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். தரத்தைப் பொறுத்தவரை பேசுவதற்கு அதிகம் இல்லை. இரண்டிலும் ஒளியைப் படமாக்கும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற ஒரே அளவினதுதான். ஒன்றில் 24 மெகாபிக்சல், மற்றொன்றில் 26. கறுப்பு வெள்ளையாக ஏ3 தாளில் அச்சிட்டு அருகருகே வைத்தால், எது எதில் எடுத்தது என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு படத்தை எடுப்பது என்ற முடிவு எந்தக் கணத்தில் உருவாகிறது என்பதில்தான் இவை இரண்டும் பிரிகின்றன. ஜிஆரில் அது கேமரா பையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது; எக்ஸ்-இ4-இல் கண்ணை வியூஃபைண்டரில் பதித்த பிறகுதான் தொடங்குகிறது.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியும் கார்டும் சேர்த்து ஜிஆர் 3-இன் எடை 257 கிராம். எக்ஸ்-இ4-இன் உடல் 364 கிராம்; அதன்மேல் நான் வழக்கமாகப் பொருத்தும் 27 மி.மீ. எஃப் 2.8 தட்டை லென்ஸ் 84 கிராம் (எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்). உடலை மட்டும் அளந்தால் எக்ஸ்-இ4-இன் தடிமன் 33 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. அதாவது ஜிஆரைவிடவும் மெல்லியது. ஆயினும் லென்ஸைப் பொருத்தியதும் தடிமன் 56 மி.மீ.யைத் தொட்டுவிடுகிறது, சட்டைப்பை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லாமல் போகிறது. ஜிஆரின் லென்ஸோ அணைத்தவுடன் உடலுக்குள் முழுவதுமாக ஒடுங்கிக்கொள்கிறது. அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் ஒரு கேமரா கூடவே வருகிறது என்றால் அது ஜிஆர்தான். எக்ஸ்-இ4-ஐ எடுத்துச் செல்வது என்று தனியாகத் தீர்மானிக்க வேண்டும்.

இனி வியூஃபைண்டர். ரேஞ்ச்ஃபைண்டர் பாணி என்ற சொல் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் எக்ஸ்-இ வரிசையில் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற கருவியே கிடையாது. லைக்கா எம் கேமராக்களில் இரண்டு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் செய்வார்கள். எக்ஸ்-இ4 தானியங்கி ஃபோகஸ் கொண்ட சாதாரண மிரர்லெஸ், அதன் வியூஃபைண்டர் ஒரு சிறிய மின்திரை. பழைய கேமராக்களிடமிருந்து அது எடுத்துக்கொண்டது அந்த வியூஃபைண்டரின் இடத்தை மட்டும்தான். நடுவில் மேடாக நிற்காமல் இடது மூலையில் இருப்பதால், வலக்கண்ணால் பார்ப்பவருடைய மூக்கு திரையில் இடிப்பதில்லை. இடக்கண் கேமராவுக்கு வெளியே திறந்திருக்கிறது. தெருவில் இதன் பயன் பெரிது. சட்டகத்துக்குள் யார் நுழையப்போகிறார்கள், பின்னால் எந்த ஆட்டோ வருகிறது என்பதெல்லாம் அந்த இடக்கண்ணுக்குத் தெரிகிறது. இடக்கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வசதியில் பாதி போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் முகம் கேமராவின் முதுகில் முழுவதுமாக ஒட்டிக்கொள்ளும்.

ஜிஆரில் வியூஃபைண்டரே இல்லை. பின்புறத் திரை ஒன்றுதான். அதுவும் அசையாத திரை. சித்திரை மாதத்து நண்பகலில் மெரினா மணலில் நின்றுகொண்டு அந்தத் திரையைப் பார்த்தால், உங்கள் முகமும் பின்னால் இருக்கும் வானமும்தான் அதில் தெரியும். வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினாலும் உருவங்களின் வெளிக்கோடு மட்டுமே தென்படும். ஓரத்தில் என்ன வெட்டுப்படுகிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும். புதிதாக வாங்குபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விற்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஜிஆர், திரையைப் பார்த்துப் பயன்படுத்துவதற்கான கேமராவே அன்று. 28 மி.மீ. கோணம் எவ்வளவு இடத்தை வளைத்துக்கொள்ளும் என்பது சில மாதங்களில் உடலுக்குப் பழகிவிடுகிறது. இரண்டு எட்டுத் தொலைவில் நிற்பவர் தலை முதல் முழங்கால் வரை வருவார், இன்னும் ஓர் எட்டு பின்வாங்கினால் பாதமும் வரும் என்று கால்களே கணக்குப் போட்டுவிடுகின்றன.

இந்தப் பழக்கத்துக்குத் துணையாக நிற்பது ஸ்நாப் ஃபோகஸ். ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே 1 மீட்டர், 1.5 மீட்டர், 2 மீட்டர், 2.5 மீட்டர் என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். ஷட்டர் பொத்தானைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், கேமரா ஃபோகஸ் தேடுவதை விட்டுவிட்டுக் குறித்த தூரத்திலேயே படத்தை எடுத்துவிடும். இதன் ஆற்றல் லென்ஸின் உண்மையான குவியத் தூரத்திலிருந்து பிறக்கிறது. 28 மி.மீ. என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில் சொல்லும் கோணம்; ஜிஆரின் லென்ஸ் உண்மையில் 18.3 மி.மீ.தான், எஃப் 8-இல் 2.5 மீட்டருக்குக் குறித்தால், வழக்கமான கணக்கின்படி ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாமே தெளிவாக விழும். எக்ஸ்-இ4-இல் இருக்கும் 27 மி.மீ. லென்ஸை அதே எஃப் 8-இல் அதே 2.5 மீட்டருக்கு வைத்தால், தெளிவு 1.6 மீட்டர் அளவில் தொடங்கி 5 மீட்டரைத் தாண்டியதும் முடிந்துவிடும். காகிதத்தில் இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். பாரிமுனையில் மூட்டை சுமப்பவர் ஒருவர் எதிரே வேகமாக நடந்துவரும்போது, ஜிஆரில் கேமராவை மார்பளவுக்கு உயர்த்தி அழுத்தினால் போதும். எக்ஸ்-இ4-இல் அவர் அந்த வரம்புக்குள் இருக்கிறாரா என்று யோசிக்க வேண்டும், அல்லது தானியங்கி ஃபோகஸை நம்ப வேண்டும். தானியங்கி ஃபோகஸில் எக்ஸ்-இ4 தெளிவாக முந்துகிறது. குறிப்பாக முகங்களையும் கண்களையும் அது கண்டுபிடித்துத் தொடரும் விதம் ஜிஆருக்கு எட்டாதது. மங்கிய ஒளியில் ஜிஆரின் ஃபோகஸ் தயங்கித் தயங்கி முன்னும் பின்னும் போய்வருவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மனிதர்கள் இவ்விரண்டையும் எதிர்கொள்ளும் விதம் எந்த விவரப்பட்டியலிலும் வராது. மயிலாப்பூர் மாடவீதியில் எக்ஸ்-இ4-ஐக் கண்ணுக்கு உயர்த்தினால், அடுத்த நிமிடம் "எந்தப் பேப்பர் சார்?" என்று ஒருவர் கேட்பார். வெள்ளி நிற மேல்தகடு, டயல்கள், தோல்வார் எல்லாம் சேர்ந்து அதற்கு ஓர் அதிகாரத் தோற்றத்தைக் கொடுத்துவிடுகின்றன. சிலர் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஜிஆரை எடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உன் போனே பெருசா இருக்கே தம்பி" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். பிறகு நான் அங்கிருப்பதையே மறந்து தன் வேலையைத் தொடர்ந்தார். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. கண்ணில் வைத்துப் பார்க்கும் கேமரா, நான் உங்களைப் படம் எடுக்கிறேன் என்று வெளிப்படையாக அறிவிக்கிறது. எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல அவகாசம் கிடைக்கிறது. ஜிஆர் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஆகவே ஒருவரை அருகிலிருந்து எடுக்க நினைத்தால், ஜிஆர் கையில் இருக்கும்போதுதான் நான் முன்கூட்டிக் கேட்டுவிடுகிறேன்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி அறுபத்துமூவர் உலா வரும்போது இரண்டையுமே கொண்டு போவது வழக்கம். பகல் வெயிலில் பல்லக்குகள் நெருங்கி வரும் நெரிசலில் ஜிஆருக்கு இணை இல்லை; கையை நீட்டுவதற்குக்கூட இடமில்லாத இடத்தில் 28 மி.மீ. கோணம் கூட்டத்தையும் மூர்த்தியையும் கோபுரத்தின் ஒரு பகுதியையும் ஒன்றாக அள்ளிக்கொள்கிறது. ஒரு திண்ணையிலோ மாடியிலோ இடம் கிடைத்துவிட்டால் எக்ஸ்-இ4 வெளியே வரும். அதில் 35 மி.மீ. எஃப் 2 லென்ஸை (ஃபிலிம் அளவில் ஏறத்தாழ 50 மி.மீ. கோணம்) பொருத்திக்கொண்டு, பல்லக்குத் தூக்குபவரின் தோளில் மூங்கில் அழுந்திய தடம் வரை நெருங்கிப் பார்க்கலாம். ஜிஆரிலும் 35, 50 மி.மீ. கோணங்களுக்குச் சட்டகத்தைக் குறுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் 50-க்குப் போனால் எஞ்சுவது சுமார் 7 மெகாபிக்சல்தான். கைப்பேசித் திரைக்கு அது போதும், அச்சுக்குப் போதாது.

இரவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. ஜிஆரின் உடலுக்குள் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் 3 அச்சு அமைப்பு இருக்கிறது, எக்ஸ்-இ4-இல் அது இல்லை. ஆள் நடமாட்டமற்ற தெருவையோ தெப்பக்குளத்தையோ நொடியில் எட்டில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் கையில் பிடித்தபடியே ஜிஆரில் எடுத்துவிடலாம். அசையும் மனிதர்களுக்கு இந்த வசதி உதவாது; கேமரா அசையாமல் நின்றாலும் அவர்கள் கலங்கித்தான் விழுவார்கள். இன்னொரு தொல்லை விழாக்காலச் சீரியல் விளக்குகளிலும் டியூப்லைட்டுகளிலும் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இத்தகைய விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. சத்தமே வேண்டாம் என்று எக்ஸ்-இ4-இல் மின்னணு ஷட்டரைப் போட்டால், படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்துவிடும். சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதே காரணம். அங்கெல்லாம் இயந்திர ஷட்டருக்கு மாறி, வேகம் 1/100 நொடியை மிஞ்சாமல் வைத்துக்கொள்கிறேன். ஜிஆரின் ஷட்டர் லென்ஸுக்குள் அமைந்த இதழ் ஷட்டர். அது இயந்திர ஷட்டராகவே இருந்தும் நகத்தால் மேசையைத் தட்டும் அளவுக்குக்கூடச் சத்தம் எழுப்புவதில்லை, பட்டைகளும் விழுவதில்லை.

வண்ணத்தில் எனக்கு ஃபுஜியே உவப்பானது. நம் ஊர் வெயிலில் கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே சட்டகத்தில் வருவது அன்றாட நிகழ்வு. முகத்துக்கு ஒளி அளந்தால் வேட்டியின் மடிப்புகள் வெளுத்துவிடும், வேட்டிக்கு அளந்தால் முகம் கரியாகிவிடும். எக்ஸ்-இ4-இல் வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துக் காக்கும் டைனமிக் ரேஞ்ச் அமைப்பை 400-க்கு உயர்த்தி, கிளாசிக் குரோம் அல்லது கிளாசிக் நெகட்டிவ் என்ற ஃபிலிம் சிமுலேஷனில் (ஃபிலிமின் வண்ணச்சாயலைத் தரும் அமைப்பு) எடுத்தால், கேமராவிலிருந்து நேராக வரும் ஜேபெக்கிலேயே இரண்டும் நிற்கின்றன. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) குறைந்தது 640-ஆக இருந்தாக வேண்டும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. ஜிஆரின் பாசிடிவ் ஃபிலிம் வண்ணம் பட்டுப்புடவைக்கும் சுவரோவியத்துக்கும் அழகாக இருக்கிறது, தோலின் நிறத்தைச் சற்றுச் செம்பாக்கிவிடுகிறது. ஆகவே ஜிஆரில் வண்ணம் வேண்டுமென்றால் பதப்படுத்தாத RAW கோப்பாக எடுத்துக் கணினியில் திருத்துகிறேன். மற்றபடி அதன் அழுத்தமான கறுப்பு வெள்ளையே போதும்.

பேட்டரி விஷயத்தில் ஒப்பீடே தேவையில்லை. ஜிஆருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கே 200 படங்கள். எக்ஸ்-இ4-க்குச் சுமார் 380. ஜிஆர் வைத்திருப்பவர் பையில் இன்னும் இரண்டு பேட்டரிகள் இருந்தாக வேண்டும். இரண்டையுமே யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் செய்யலாம் என்பதால் பவர்பேங்க் கைகொடுக்கிறது.

கடலோர ஊரில் கேமரா வைத்திருப்பவருக்குப் பராமரிப்பு தனி வேலை. லென்ஸ் உள்ளும் வெளியும் நகரும் சிறிய கேமராக்கள் எல்லாவற்றுக்கும் தூசி பொது எதிரி. நகரும்போது காற்றை இழுக்கின்றன, காற்றோடு தூசியும் வருகிறது. லென்ஸைக் கழற்ற முடியாததால் சென்சாரை நாமாகத் துடைக்க வழியில்லை, பழுதுநீக்குபவரிடம் பிரித்துத்தான் ஆக வேண்டும். எக்ஸ்-இ4-இல் லென்ஸைக் கழற்றி ஊதுபந்தால் நாலு முறை ஊதினால் பெரும்பாலும் முடிந்தது. ஈரப்பதத்தால் வரும் பூஞ்சையும் அப்படியே: மாற்றத்தக்க லென்ஸில் வந்தால் அந்த லென்ஸோடு போகும், ஜிஆரில் வந்தால் முழுக் கேமராவுக்கும் வந்ததுபோல்தான். இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும்போது, கேமராவைப் பையிலேயே வைத்துக் கால் மணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழக்கிய பிறகே எடுப்பது நல்லது. மீன்தண்ணீர் தெறிக்கும் அந்த இடத்துக்கு இரண்டுமே முழுமையாக ஏற்றவை அல்ல, 27 மி.மீ. லென்ஸில் நீர்த்தடுப்பு இருக்கிறது, ஆனால் அதைத் தாங்கும் எக்ஸ்-இ4 உடலில் இல்லை.

எக்ஸ்-இ4-இன் வடிவமைப்பில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு. முந்தைய எக்ஸ்-இ3-இல் இருந்த பின்புற டயலையும் ஃபோகஸ் முறையை மாற்றும் சுவிட்சையும் எளிமை என்ற பெயரில் எடுத்துவிட்டார்கள். முன்புறம் விரல் பற்றுவதற்கு மேடும் இல்லை. வியர்த்த கையில் நழுவும் கேமராவுக்குத் தனியாகப் பிடிமானம் வாங்கிப் பொருத்துவது எளிமையாகாது. ஜிஆரோ இவ்வளவு சிறிய உடலிலும் எல்லாவற்றையும் வலக்கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் எட்டுமாறு வைத்திருக்கிறது. இடக்கையில் குடையோ காய்கறிப் பையோ இருந்தாலும் படம் எடுக்கலாம்.

இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் ஜிஆரை வைத்துக்கொள்வேன். குழந்தைகளையும் குடும்ப விழாக்களையும் முதன்மையாக எடுப்பவர் எக்ஸ்-இ4-ஐயே வாங்க வேண்டும். கண்ணைத் தொடரும் ஃபோகஸும் மாற்றத்தக்க லென்ஸும் அவருக்கு அன்றாடம் தேவைப்படும். 2025-இல் ஜிஆர் 4-உம் எக்ஸ்-இ5-உம் வந்துவிட்டதால், இப்போது இவை பெரும்பாலும் பழைய பொருளாகவே கைமாறுகின்றன. பழைய ஜிஆரை வாங்கப் போகிறவர் கடையிலேயே எஃப் 16-க்கு வைத்து, ஒரு வெள்ளைச் சுவரையோ வெளிவானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது, விலையில் அதைக் குறைத்துக் கேட்கலாம். எக்ஸ்-இ4-இல் பார்க்க வேண்டியது லென்ஸ் பொருந்தும் வளையத்தையும், கீழே பேட்டரியும் கார்டும் நுழையும் மூடியின் கீலையும்.