நீல விளக்கா, டார்ச் லைட்டா?

வாய்ப்புற்று, கணையப் புற்றைப் போல வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதில்லை. வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். அப்படியிருந்தும் நம் நாட்டில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகுதான் வந்து சேர்கிறார்கள். இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் விதவிதமான விளக்குகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

அதிகம் பேசப்படுவது நீல ஒளி. கனடாவில் உருவான வெல்ஸ்கோப் இந்த வகை. அறை விளக்கை மங்கலாக்கி, 400 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை வாய்க்குள் பாய்ச்சி, வடிகட்டி வழியாகப் பார்க்கிறார்கள். நலமான திசு இளம்பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சைக்குக் காரணம், திசுவைத் தாங்கும் புரதமான கொலாஜன் போன்ற பொருட்கள். செல்கள் புற்றை நோக்கி மாறும்போது அடியிலுள்ள கொலாஜன் பின்னல் சிதைகிறது, ரத்த ஓட்டம் கூடி ஒளியை விழுங்கிவிடுகிறது. அந்த இடம் கருந்திட்டாகத் தெரிகிறது. பார்க்க அசத்தலாகத்தான் இருக்கும்.

தொல்லை என்னவென்றால், கருப்பாகத் தெரிவதெல்லாம் புற்று அல்ல. பல் குத்திய காயம், சாதாரண வாய்ப்புண், வீக்கம் எல்லாமே கருக்கும். ஈறில் இயல்பாகவே கருமை உள்ள நம்மவர்களுக்கு இன்னும் குழப்பம். அந்தக் கருமையைத் தரும் மெலனின் என்ற நிறமியும் ஒளியை விழுங்கும் அல்லவா? அனுபவமுள்ளவர்கள் அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். ரத்தம் விலகியதும் பச்சை திரும்பினால், வெறும் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆக, கருவி இருந்தாலும் கை பழகியிருக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஏற்கெனவே வாயில் மாற்றம் தெரிந்தவர்களிடம் இத்தகைய ஒளிக் கருவிகள் எப்படிச் செயல்பட்டன என்று பார்த்தது. நோய் உள்ள 100 பேரில் சுமார் 87 பேரைப் பிடித்தன. நல்லதுதான். ஆனால் நோய் இல்லாத 100 பேரில் பாதிப் பேரையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துவிட்டன. பாதிப் பேருக்கு வீண் பயம், வீண் பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை). 2017இலேயே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், இத்தகைய திட்டுகளை மதிப்பிட இந்த விளக்குகளைப் பரிந்துரைக்கவில்லை.

அடுத்தது ஒளிரும் குச்சி. திருவிழாவில் மடக்கினால் ஒளிருமே, அதே வேதியியல்தான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தால், அதாவது வினிகர் மாதிரியான திரவத்தால், வாய் கொப்பளித்துவிட்டுப் பார்த்தால் வெண்திட்டுகள் எடுப்பாகத் தெரியும். ஆனால் அதிக ஆபத்துள்ள செந்திட்டுகளை இது அவ்வளவாக எடுத்துக்காட்டுவதில்லை. வெண்திட்டை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாமே! இதற்குப் பணம் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் கணக்கில் மேலே நிற்பது என்.பி.ஐ. எனப்படும் குறுகிய பட்டை ஒளி. 415, 540 நானோமீட்டர் ஒளிகளை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சுவதால் நுண் ரத்தக்குழாய்களின் வளைவுகள் பழுப்பாகத் துலங்கும். அவை நீண்டு, முறுக்கிக்கொண்டு, கடைசியில் உருக்குலையும்போது சந்தேகம் படிப்படியாக ஏறும். வெறுமனே கருப்பா பச்சையா என்று பார்ப்பதைவிட இதில் செய்தி அதிகம். ஆனால் தடித்த வெண்திட்டு மூடியிருந்தால் குழாய்கள் தெரியாது. அப்புறம், உடலுக்குள் பார்க்கும் குழாய்க் கருவியான எண்டோஸ்கோப் தேவை. தெருமுனைப் பல் கிளினிக்கில் இதை எதிர்பார்க்க முடியாது.

அந்தத் தெருமுனைக்கு ஏற்ற முயற்சி திருவனந்தபுரத்திலிருந்து வந்தது: ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அரவணைப்பில் வளர்ந்த சாஸ்கான் நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய ஓரல்ஸ்கான் என்ற கையடக்கக் கருவி. திருப்பி வரும் ஒளியில் ரத்தத்தின் தடத்தைக் கணக்கிட்டு, பயாப்சி எடுக்கச் சரியான இடத்தைக் காட்டுவது இதன் நோக்கம். இப்படிக் குறுகிய வேலையைச் சொல்லிக்கொண்டு வருவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

திருச்சிக்காரரான சி.வி.ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலும் களத்தில் இருக்கிறது. திசுவின் மூலக்கூறுக் கைரேகையைப் படிக்கும் இந்த முறையை நவி மும்பையின் ஆக்ட்ரெக் என்ற புற்றுநோய் ஆய்வு மையம் வாய்ப்புற்றில் ஆராய்ந்து வருகிறது. சமிக்ஞை மிக மெலிது என்பதால் லேசரும் நுட்பமான கருவிகளும் வேண்டும். இப்போதைக்கு ஆய்வகச் சமாச்சாரம்.

சரி, டார்ச் லைட்டுக்கு, அதாவது கருவி இல்லாமல் கண்ணால் பார்ப்பதற்கு, வருவோம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில், 1996இல் தொடங்கி, 35 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்து 90 ஆயிரத்துக்கும் அதிகமானோரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஒரு பிரிவினரின் வீடு தேடிப்போய் வாயைத் திறக்கச் சொல்லி வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவு: புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களில், வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம் 34 சதவீதம் குறைவு. இவ்வளவு பெரிய ஆய்வில் மரணத்தைக் குறைத்துக் காட்டிய சான்று மேலே சொன்ன எந்த விளக்குக்கும் இல்லை.

அதனால் ஒரு ஊராட்சிக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால், நான் முதலில் ஊழியர்களுக்குப் பயிற்சியும் டார்ச்சும் வாங்குவேன். மாவட்ட மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு என்.பி.ஐ. வசதி. நீல விளக்கு, அழுத்திப் பார்க்கத் தெரிந்த மருத்துவரின் மேசையில் இருக்கட்டும். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோடு ஒருவர் வந்து நின்றால், விளக்கு பச்சையாகக் காட்டினாலும் பயாப்சிதான்.