சிங்க்திங்: கல்யாண ஸ்டுடியோவில் இரண்டு வருட அனுபவம்

பாளையங்கோட்டையில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் டிசைன் செய்து தருகிற தம்பி இருப்பது மதுரையில். ஒரு முகூர்த்தம் முடிந்தால் இரண்டு கேமராவிலும் சேர்ந்து 60, 70 ஜிபி ‘ரா’ படங்கள் (கேமரா பதிகிற மூலப் படங்கள்) தேறும். முன்பெல்லாம் ஹார்டு டிஸ்க்கை பபிள் ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு, வண்டி நம்பரைத் தம்பிக்கு போன் செய்து சொல்வேன். அவர் மாட்டுத்தாவணியில் போய் நின்று வாங்குவார். ஒருமுறை அப்படிப் போன டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. கேமரா கார்டுகளை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் அந்தக் கல்யாணம் பிழைத்தது. அன்றைக்குத்தான் வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

சிங்க்திங் இலவச மென்பொருள். ஸ்வீடனைச் சேர்ந்த யாக்கோப் போர்க் தொடங்கி, 2013 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர், தம்பி கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர், இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் அதன் வேலை. நடுவில் யாருடைய கிளவுடிலும் படம் தங்குவதில்லை. மாத வாடகை கிடையாது. நான் ஏற்றி முடித்து, பிறகு அவர் இறக்குகிற இரட்டை வேலையும் கிடையாது. நேராக இங்கிருந்து அங்கே.

இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். இன்றைக்கு அது இல்லாமல் என் தொழில் ஓடாது. ஆனால் முதல் மூன்று மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தப் பாட்டில் முக்கால்வாசி சிங்க்திங்கின் தவறே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புதிதாகப் போடுகிறவர்கள் அதே இடங்களில் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அமைப்பது சுலபம். பிரவுசரில் 127.0.0.1:8384 என்று போட்டால் அதன் திரை வரும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு அடையாள எண் உண்டு. ஏழேழு எழுத்தாக எட்டுக் கூறுகள், மொத்தம் 56 எழுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. நானும் தம்பியும் முதல் நாள் போனில் படித்துச் சொல்லித்தான் அடித்தோம். அதில் 0, 1, 8 என்ற இலக்கங்களே வராது. ஓ எழுத்தை சைபர் என்று நினைத்து அடித்தாலும் அதுவே திருத்திக்கொள்கிறது. வேறு எழுத்து மாறினால் சரிபார்ப்பு எழுத்து பிடித்துவிடுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: நான் அவரைச் சேர்த்தால் போதாது, அவரும் என்னைச் சேர்க்க வேண்டும். ஃபோல்டரையும் அவர் அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் பிரச்சினை. முதல் கல்யாணம் 64 ஜிபி. திரையில் வேகம் வினாடிக்கு 600 கேபி. கணக்குப் போட்டால் முப்பது மணி நேரம். இரண்டு பக்கமும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். “அக்கா, இதுக்கு பஸ்ஸே தேவலை” என்றார் தம்பி.

மென்பொருளே மெதுவோ என்று நினைத்து, அழித்து மறுபடி நிறுவினேன். கம்ப்யூட்டரைக் குற்றம் சொன்னேன். பதில் திரையிலேயே இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கருவியின் பெயரைத் தட்டினால் விரியும் விவரத்தில் இணைப்பு வகை என்று ஒரு வரி உண்டு. எனக்கு அங்கே ‘ரிலே’ என்று இருந்தது. இரண்டு கம்ப்யூட்டரும் நேரடியாகப் பேச முடியாதபோது, தன்னார்வலர்கள் நடத்துகிற ரிலே சர்வர் வழியாக சிங்க்திங் அனுப்பும். படங்கள் முழுவதும் மறையாக்கத்தில்தான் போகும், ரிலே நடத்துகிறவரால் பார்க்க முடியாது. அது ஆபத்துக்கு உதவுகிற வழி, அவ்வளவுதான். ஊரே பயன்படுத்துகிற பாதையில் என் 64 ஜிபியும் போனால் வேகம் எங்கிருந்து வரும்?

ஏன் நேரடியாகப் பேச முடியவில்லை? ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் போய், வெளி இணைய முகவரி என்ன என்று பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைப்பதற்காக ஒதுக்கப்பட்டவை. ஒரு பெரிய காம்பவுண்டுக்குள் நூறு வீடு, வாசலில் ஒரே கதவு எண். தபால்காரர் என் வீட்டைத் தேடி வர வழியில்லை. சிங்க்திங் பேசுகிற வாசலான 22000 போர்ட்டை ரூட்டரில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேனே, அதனால் ஒரு பயனும் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். கதவு எனக்கு வெளியே, நிறுவனத்தின் கையில் இருந்தது.

இணைய நிறுவனத்துக்கு நாலு முறை போன் செய்தேன். மூன்று முறை “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்” என்றார்கள். நாலாவது முறை பேசியவர் விஷயம் தெரிந்தவர். “ஸ்டேடிக் ஐபிக்கு, அதாவது உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரிக்கு, தனிக் கட்டணம். ஆனால் ஐபிவி6 உங்கள் லைனில் ஏற்கெனவே இருக்கிறது, ரூட்டரில் ஆன் பண்ணினால் போதும்” என்றார். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டேனே என்று இன்றும் இருக்கிறது.

புதிய முகவரி முறையான ஐபிவி6-ல் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி உண்டு. தம்பி லைனிலும் இருந்தது. இரண்டு பக்கமும் ஆன் செய்ததும் ரிலே என்ற சொல் போய் ‘குவிக்’ என்ற நேரடி இணைப்பு வகை வந்தது. வேகம் நாலைந்து மடங்கு கூடியது. அப்புறம் என் ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலில்) 22000 போர்ட்டை என் கம்ப்யூட்டருக்கு மட்டும் திறந்தேன். ‘டிசிபி’ என்ற இன்னொரு நேரடி வகைக்கு மாறியது. இரண்டு வழியும் கிடைத்தால் சிங்க்திங் டிசிபிக்குத்தான் முன்னுரிமை தரும். யாராவது ஒரு பக்கம் திறந்தால் போதும், இரண்டு பக்கமும் வேண்டியதில்லை. அன்றைக்கு வினாடிக்கு 9, 10 எம்பி வேகம் வந்தது. அடுத்த கல்யாணத்தின் 64 ஜிபி இரண்டு மணி நேரத்துக்குள் மதுரை போய்ச் சேர்ந்தது.

நடுவில் ஒருநாள் வேகம் சரியாக 100 கேபியில் நின்றது. ரிலே இல்லை, டிசிபிதான். தேடிப் பார்த்தால் தம்பி வேக வரம்பு பெட்டியில் 100 என்று போட்டிருக்கிறார். 100 எம்பிபிஎஸ் என்ற நினைப்பு. அந்தப் பெட்டி கணக்கிடுவது கிலோபைட்டில். வரம்பு வேண்டாமென்றால் 0 போடுங்கள்.

ஸ்டுடியோவுக்குள்ளேயும் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்துப் பக்கத்து மேசையில் உள்ள இரண்டு கம்ப்யூட்டர் ரிலே வழியாகப் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருந்தது. கெஸ்ட் வைஃபையில் இருப்பது உள் நெட்வொர்க்கில் உள்ளவற்றைப் பார்க்கக்கூடாது என்பதே அதன் விதி. அதை மாற்றிய பிறகும் சரியாகவில்லை. விண்டோஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தது, ‘பிரைவேட்’ ஆக்கியதும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. உள்ளூர்த் தேடலுக்கு யுடிபி 21027 போர்ட் வேண்டும். ஃபயர்வால் தடுத்தால் கிடைக்காது.

அடுத்தது, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்ற நியதி. நான் ராத்திரி பதினொரு மணிக்கு கார்டை இறக்கிவிட்டு அணைத்துவிடுவேன், தம்பி காலையில் திறப்பார். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. இதற்காக ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கம்ப்யூட்டர் (இனி சுருக்கமாகப் ‘பை’) ஒன்றை வாங்கி, ஹார்டு டிஸ்க் மாட்டி, வீட்டில் எப்போதும் ஓடுகிற மூன்றாவது ஆளாக வைத்தேன். பழைய ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் அதற்குக் காட்டியபோது ஒரு ராத்திரி முழுக்க ‘ஸ்கேனிங்’ என்றே நின்றது. ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை கணக்கிடுகிறது. பை 4-ன் சிப்பில் இந்தக் கணக்கை விரைவாக்கும் மறையாக்க வசதி கிடையாது, பை 5-ல் உண்டு. அதனால் பொறுமை வேண்டும். மாட்டிக்கொண்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த 2.0 பதிப்பு தன் உள் தரவுத்தளத்தை எஸ்கியூலைட் என்ற வேறு வகைக்கு மாற்றியது. அந்த முதல் ஓட்டமும் பையில் நெடுநேரம் பிடித்தது. அப்போதும் விட்டுவிடுங்கள், முடித்துக்கொள்ளும்.

இனி நம் ஆட்களுக்கென்றே உள்ள ஒரு விஷயம். கோப்புகளுக்கு நான் தமிழில்தான் பெயர் வைப்பேன். வீடியோ துண்டுகளுக்கு வாடிக்கையாளர் பார்த்ததும் புரியவேண்டும் என்று ஊர், மண்டபம், சடங்கு, பாட்டு எல்லாம் சேர்த்து நீளமாக எழுதுவேன். விண்டோஸில் நன்றாக இருந்தன. மதுரைக்கும் போயின. பை மட்டும் சில கோப்புகளை வாங்க மறுத்தது. பிழைச் செய்தியைத் திறந்தால் ‘பெயர் மிக நீளம்’ என்று இருந்தது.

காரணம் இதுதான். பையில் ஓடுகிற லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘திருநெல்வேலி’ நம் கண்ணுக்கு ஆறெழுத்து, கம்ப்யூட்டருக்கு 12 குறி, 36 பைட். ஏழு தடவை திருநெல்வேலி என்று எழுதினால் 252 பைட் ஆகி, அத்தோடு இடம் தீர்ந்தது. விண்டோஸ் குறிகளை எண்ணுகிறது, பைட்டை எண்ணுவதில்லை. அதனால் அங்கே இந்தத் தடை தெரிவதே இல்லை. இப்போது ஊரையும் மண்டபத்தையும் ஃபோல்டர் பெயருக்குக் கொண்டுபோய்விட்டேன், கோப்பில் சடங்கு மட்டும்.

அதைவிடக் குழப்பியது ‘கோவில்’. பையில் ‘கோவில்’ என்று இரண்டு ஃபோல்டர் அருகருகே நின்றன. எழுத்துப் பிழையும் இல்லை, நடுவில் இடைவெளியும் இல்லை. ‘கோ’வை இரண்டு விதமாகப் பதியலாம்: க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்து, அல்லது ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தம்பியின் பழைய ஐமேக் டிஸ்க் பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து பையில் போட்டது ஒரு ‘கோவில்’, சிங்க்திங் வழியாக வந்தது இன்னொரு ‘கோவில்’. இதைச் சரிசெய்யும் அமைப்பு சிங்க்திங்கில் இயல்பாகவே ஆனில் இருக்கிறது. ஸ்கேன் வேகமாகும் என்று நினைத்து நான்தான் அதை அணைத்திருந்தேன். திரும்ப ஆன் செய்து, இரட்டைகளில் ஒன்றைக் கையால் நீக்கிய பிறகு தொல்லை இல்லை. பொங்கல், கொலு, கோலம், தோரணம் என்று நம் விசேஷப் பெயர்களில் பாதிக்கு இந்த வகை ஒகர, ஓகார எழுத்து வரும். அந்த அமைப்பைத் தொடாதீர்கள்.

இது பேக்கப் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று தம்பி ஒரு கல்யாணத்தை அவர் பக்கம் அழித்தார். என் பக்கமும் அழிந்தது, பையிலும் அழிந்தது. மென்பொருள் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. அழிகிற கோப்புகளைத் தனியே எடுத்து வைக்கும் ‘குப்பைத் தொட்டி’ வகைப் பழம்பதிப்பு அமைப்பைப் பையில் ஆன் செய்திருந்ததால் எல்லாப் படமும் அங்கே இருந்தன. நெஞ்சு அடங்க அரைமணி நேரம் ஆனது. இப்போது என் மூலப் பட ஃபோல்டர் ‘அனுப்ப மட்டும்’ வகை. அங்கே அழித்தாலும் இங்கே அழியாது. தவிர, மாதம் ஒருமுறை தனி டிஸ்க்கில் எடுத்துப் பீரோவில் வைக்கிறேன்.

படம் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளின் கேட்லாக் கோப்பை (அதன் படப் பட்டியலும் திருத்தங்களும் இருப்பது) இதில் போடாதீர்கள். திறந்திருக்கும்போது அது மாறிக்கொண்டே இருக்கும், பாதியில் நகல் எடுத்தால் கெட்டுப்போகலாம். விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியே சேர்க்க வேண்டும், அந்தப் பட்டியல் தானாகப் பரவாது.

ஆண்ட்ராய்டில் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. ‘சிங்க்திங்-ஃபோர்க்’ என்ற கிளைச் செயலியை எஃப்-ட்ராய்டு என்ற திறந்த மூலச் செயலித் தளத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறேன். போனின் பேட்டரிச் சிக்கன அமைப்பிலிருந்து அதற்கு விலக்கு கொடுக்காவிட்டால் திரை அணைந்ததும் தூங்கிவிடும். ஐபோனுக்கு அதிகாரபூர்வச் செயலி கிடையாது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்ததற்கு ஒரே காரணம், ‘ரிலே’ என்ற அந்தச் சொல் தட்டிப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் இருக்கிறது. மேலேயே பெரிதாகக் காட்டினால் என்னைப் போன்றவர்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகும்.

முதல் சில கல்யாணங்களின் படங்கள் முகம் தெரியாத யாரோ தன் செலவில் நடத்துகிற ரிலே வழியாகத்தான் போயின. மெதுவாக இருந்தாலும் ஒரு படம்கூடத் தவறவில்லை. சிங்க்திங் அறக்கட்டளைக்கு வருடம் ஒருமுறை என்னால் ஆனதை அனுப்புகிறேன். ஸ்டேடிக் ஐபிக்கு இந்த மாதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் 22067 போர்ட்டைத் திறந்து, அதே பையில் ஒரு ரிலே ஓடவிடுவேன்.