உக்கடம் டு பாலக்காடு: பஸ்ல போய்ட்டு வந்த ஒரு நாள் சாப்பாட்டு டிரிப், என் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், பொரோட்டா பீஃப் சாப்டவும் நேந்திரம் சிப்ஸ் வாங்கவும் தான் பாலக்காடு போறீங்கன்னா பஸ் டிக்கெட் தண்டம். பொரோட்டா பீஃப் நம்ம கோயம்புத்தூர் உக்கடத்துலயே பஸ்ஸுக்கு நிக்கற நேரத்துல சாப்டலாம். சிப்ஸ் காந்திபுரத்துல கண்ணு முன்னாடியே தேங்காண்ணைல போட்டு எடுத்து தர்றாங்க, அதுவும் அந்தக் காய் நெறைய மேட்டுப்பாளையம் சத்தியமங்கலம் பக்கம் வெளஞ்சு தான் கேரளாவுக்கே போகுது, அத அங்க போயி வாங்கி திரும்ப எல்லை தாண்டி தூக்கிட்டு வர்றது எனக்கு புரியாத விசயம். பாலக்காட்டுல சாப்ட வேண்டியது வேற. நம்ம பக்கத்துலருந்து எப்பவோ அந்தப் பக்கம் போன சனங்க கையோட கொண்டு போன சாப்பாடு, அங்க போயி தேங்காயும் தேங்காண்ணையும் சேந்து வேற ருசிக்கு வந்து நிக்குது, அதுக்குத் தான் இந்த டிரிப்.

போனது நான், அம்மா, தம்பி. அம்மா சுத்த சைவம், தம்பி அதுக்கு நேர் எதிரு, அதனால ரெண்டு பக்கமும் ரிவ்யூ கெடைக்கும்.

கார்ல போலாமான்னு தம்பி கேட்டான். வேண்டாம்னுட்டேன். அம்பது கிலோமீட்டர் சொச்சம் தான், பஸ்ல ஒன்றரை மணி நேரம், டிக்கெட் ஆளுக்கு நூறு ரூவா கூட ஆகல, அங்க பார்க்கிங் தேடற தலவலியும் இல்ல, வயிறு முட்ட தின்னுட்டு வண்டி ஓட்டவும் வேண்டாம். உக்கடத்துலருந்து நம்ம பஸ்ஸும் போகுது கேரளா கேஎஸ்ஆர்டிசியும் போகுது. லேடீஸுக்கு ஃப்ரீன்னு நெனச்சு ஏறாதீங்க, அதெல்லாம் டவுன் பஸ்ஸோட சரி. ஒரே ஒரு விசயம் கவனமா இருங்க, காலைல ராமசேரி இட்லி தான் பிளான்னா பாலக்காடு வரைக்கும் போகக் கூடாது, அதுக்கு முன்னாடியே புதுச்சேரின்னு ஒரு ஸ்டாப் வரும் (நம்ம பாண்டிச்சேரி இல்ல), அங்க எறங்கணும், எல்லா பஸ்ஸும் நிக்காது. மொதல் பஸ்ல கண்டக்டர் கிட்ட கேட்டதுக்கு "சூப்பர் ஃபாஸ்ட் ஆணு சேச்சி, அவிடெ நிறுத்தில்லா"ன்னு அம்மாவ பாத்து சொன்னாரு, எறங்கி அடுத்ததுல ஏறினோம். ஏறறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

எல்லைல வர்ற வாளையார் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. முன்னாடியெல்லாம் செக்போஸ்ட்ல லாரி கியூ நிக்கும் பாருங்க, 2017ல ஜிஎஸ்டி வந்ததுலருந்து அந்தக் கூத்து கொறஞ்சு போச்சு. ஆனா ஜன்னல் சீட்டு புடிங்க, கணவாய்க் காத்து வாளையார் தாண்டினதும் மூஞ்சில அடிக்கும், அதுலயே பாதி பசி எடுத்துடும்.

இப்ப இட்லி. புதுச்சேரில எறங்கி ஆட்டோ புடிச்சா ஊருக்குள்ள கொண்டு போயி விட்டுடுவாங்க, வழி கேக்கவே வேண்டாம், நம்ம மொகத்த பாத்தாலே இட்லி தானேன்னு கேக்கறாங்க. ஊரு சின்னது. இட்லி சுடறது சில குடும்பம் மட்டும் தான், எல்லாரும் முதலியாருங்க, அவங்க முன்னோருங்க தமிழ்நாட்டுப் பக்கத்துலருந்து நெசவு வேலையோட வந்தவங்கன்னு சொல்றாங்க, நெசவு படுத்ததும் இட்லி வித்து பொழச்சிருக்காங்க. நாங்க போனப்ப மணி எட்டர, ஏழெட்டு பேரு எங்களுக்கு முன்னாடி. ஹோட்டல்னு நெனச்சு போகாதீங்க, டீக்கடை மாதிரி தான், பெஞ்சு, எலை, அவ்வளவு தான்.

அடுப்படிய எட்டிப் பாக்கலாமான்னு அம்மா கேட்டுச்சு, வாங்கன்னு கூப்ட்டாங்க. வெறகு அடுப்பு. அடில தண்ணி கொதிக்குது, அது மேல மண்ணுல செஞ்ச வளையம், அந்த வளையத்து வாய்ல நூல வலையா பின்னி கட்டியிருக்கு, அதுக்கு மேல ஈரத்துணி, துணி மேல மாவு. அது மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மேல ஒரு சட்டிய கவுத்து மூடிடறாங்க. நம்ம இட்லித் தட்டுல குழி இருக்கறதால மாவு குழியோட உருவத்துக்கு உப்பும், இங்க குழியே இல்ல, துணி மேல பரவி தட்டையா நிக்குது, ஆவியும் வலை வழியா அடிலருந்து நேரா ஏறுது, அதனால நடுவுல மாவா இருக்கற பேச்சே கெடையாது. அம்மா ஒரு வாய் பிச்சு வாயில போட்டுட்டு "கல்தோசைய ஆவில வேக வெச்ச மாதிரி இருக்குடா"ன்னுச்சு. அப்பறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. மூணாவது இட்லிக்கு "மாவு பதம் புளிக்கவே இல்ல பாரு, உளுந்து கம்மி தான் போட்டிருப்பாங்க, ஆனா எப்புடி மெத்துனு வருது"ன்னு ஆரம்பிச்சுடுச்சு. எங்க வீட்ல அம்மா அடுத்தவங்க இட்லிய பாராட்டினா அது பத்மஸ்ரீ குடுத்த மாதிரி தான்.

பொடி தான் ஸ்டார். கொரகொரப்பா, மொளகு காரம் தூக்கலா, தேங்காண்ணை ஊத்தி கொழைச்சு தர்றாங்க. நல்லெண்ணெ பழக்கத்துல வளந்த வாய்க்கு மொதல் வாய் கொஞ்சம் மெரளும், அப்பறம் விட மனசு வராது. சட்னி சுமார், சாம்பார் அதுக்கும் கீழ, தண்ணியா இருந்துச்சு. அத கண்டுக்காதீங்க, பொடிய மட்டும் ரெண்டாவது தடவ கேட்டு வாங்குங்க. இட்லிக்கு அஞ்சுக்கு நாலர மார்க்கு, சட்னி சாம்பார் சேத்து ரெண்டு. பார்சல் கட்டி தர்றாங்க, மறுநா காலைல சாப்ட்டும் காஞ்சு போகல, சும்மா கெத்துக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன், நெஜம் தான்.

அங்கருந்து திரும்ப மெயின் ரோட்டுக்கு வந்து ப்ரைவேட் பஸ்ல டவுன். கோட்டைய ஒரு சுத்து சுத்தினோம், 1766ல ஹைதர் அலி கட்டினது, அகழில தண்ணி நின்னுச்சு, புல்லு நல்லா வெட்டி வெச்சிருக்காங்க, இட்லி செரிக்கறதுக்கு நடக்க நல்ல எடம். பங்குனி சித்திரைல இதெல்லாம் யோசிக்கவே யோசிக்காதீங்க, கேரளான்னா குளுகுளுன்னு நெனப்போம், பாலக்காட்டு வெயிலு மண்டைய பொளந்துடும்.

மத்தியானத்துக்கு ரெண்டா பிரிஞ்சோம். அம்மாவுக்கு சைவ ஊணு (சாப்பாட்டுக்கு அங்க ஊணுன்னு பேரு), தம்பிக்கு பிரியாணி, நான் ரெண்டு எடத்துலயும் கை வெச்சேன்.

சைவம் சாப்டறவங்களுக்கு இங்க ஒரு முக்கியமான விசயம். நாடன் ஊணுன்னு போர்டு போட்ட சாதா ஹோட்டல்ல ஒக்காந்தீங்கன்னா, சாம்பார் வாளிக்கு பின்னாடியே மீன் சாறு வாளியும் வரும், மீன் சாறு காசு கெடையாது, கேக்காமயே சாதத்து மேல ஊத்திடுவாங்க. ஒரு கடைல அம்மா எலைய கையால மூடி தப்பிச்சுது. எந்திரிச்சு வெளிய வந்து சுத்த சைவ ஹோட்டலா பாத்து போனோம். அங்க ஒக்காந்ததும் செவப்பா சுடுதண்ணி வந்துச்சு, அம்மா டம்ளர தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு துருவாடான்னு கேட்டுச்சு. பதிமுகம்ங்கற மரத்து கட்டைச் சீவல போட்டு கொதிக்க வெக்கறது, கேரளா பூரா இதான் தண்ணி.

அடுத்து சாதம் மட்டையா வெள்ளையான்னு கேப்பாங்க, தயவு செஞ்சு மட்டைன்னு சொல்லுங்க. பாலக்காட்டு மட்டைக்கு புவிசார் குறியீடே இருக்கு, அந்த மண்ணுல வெளையற அரிசி, தடிமனா செவப்பு கோடு கோடா இருக்கும், நம்ம பொன்னி மாதிரி கொழஞ்சு கெடக்காது. கொழம்பு ஊத்தினா சாதம் உறிஞ்சாது, அதனால நம்ம மாதிரி சாம்பார கொளம் கட்டி பெசையாம கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி சாப்டணும். ஓலன் தான் அன்னைக்கு ஜெயிச்சுது. பூசணிக்காயும் தட்டப்பயறும் தேங்காப்பால்ல, மேல பச்ச தேங்காண்ணை, மசாலான்னு சொல்ல ஒண்ணும் இல்ல, பச்சமொளகா மட்டும். இவ்வளவு கம்மியா போட்டு எப்புடி ருசி வருதுன்னு அம்மா பரிமாறினவரு கிட்டயே கேட்டுச்சு, அவரு சிரிச்சுட்டு இன்னொரு கரண்டி வெச்சுட்டு போய்ட்டாரு. காளன்னு ஒரு தயிர்க் கொழம்பு, அதோட புளிப்பு எனக்கு ஒத்து வரல. பப்படம் ரெண்டு தடவ வாங்கினேன். அங்க மூணு சாப்பாட்டு காசு கோயம்புத்தூர்ல ரெண்டு பேரு மீல்ஸ் பில்லுக்குள்ள முடிஞ்சுடும்.

தம்பி போனது ராவுத்தர் பிரியாணி. பாலக்காட்டு ராவுத்தருங்க வீட்ல பேசறது தமிழ், கல்லாப்பெட்டில இருந்தவரு "வாங்க தம்பி, மட்டனா சிக்கனா"ன்னு சுத்தமா நம்ம பேச்சுல கேட்டாரு. பாலக்காடு 1956 வரைக்கும் மலபார் ஜில்லாவோட மெட்ராஸ்ல தானே இருந்துச்சு, அதனால தமிழ் பேசினா யாரும் ஏற எறங்க பாக்கறதில்ல. பிரியாணி கய்மா அரிசில, பொடி அரிசி, பாக்க நம்ம சீரகசம்பா கூட்டம், ஆனா வாசம் வேற. கோயம்புத்தூர் கோட்டைமேட்டு பிரியாணில காரமும் மசாலாவும் முன்னாடி வந்து நிக்கும், இதுல அரிசியும் கறியும் தான் பேசுது, காரம் பின்னாடி மெதுவா வருது. தலப்பாக்கட்டி ரக காரத்துக்கு பழகினவங்களுக்கு சப்புனு இருக்கலாம், தம்பி மொதல்ல மூஞ்சிய சுளிச்சான், அப்பறம் எலும்ப கடிச்சுட்டு "இன்னொரு ஹாஃப் சொல்லட்டுமா"ங்கறான். தொட்டுக்க குடுத்த ஊறுகா அதுக்கு நல்லா போச்சு. தால்சா எதிர்பாக்காதீங்க, எங்களுக்கு வெக்கல.

இதே டவுன்ல இன்னொரு எடத்துல ஜூஸ் குடிக்க போயி கசப்பாயிடுச்சு. நம்ம பேச்ச கேட்டதும் மெனு கார்ட உள்ள எடுத்து வெச்சுட்டு வாயால வெல சொன்னாங்க. பக்கத்து டேபிள் பையனுக்கு அதே ஜூஸ் இருவது ரூவா கம்மி. சத்தம் போட்டோம், கொறச்சாங்க. பேரு போட விரும்பல, மெனு கார்ட கேட்டு வாங்கி பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க, அவ்வளவு தான்.

அப்பறம் ஆட்டோல கல்பாத்தி. காசில பாதி கல்பாத்தின்னு சொல்வாங்க, ஆத்தங்கரைல விஸ்வநாதர் கோயிலு, ரெண்டு பக்கமும் நீள நீளமா அக்ரஹாரத் தெரு, தஞ்சாவூர் பக்கத்துலருந்து போன ஐயருங்க குடியிருப்பு. நவம்பர்ல தேர் வரும், அந்த டைம்ல சாப்பாட்டு டிரிப்புன்னு போனா கூட்டத்துல கோயிலும் கெடைக்காது சாப்பாடும் கெடைக்காது. நாங்க போனது கொண்டாட்டம் வாங்க, அதாங்க நம்ம வத்தல். மோர் மொளகா, பாவக்கா, சுண்டக்கா, மணத்தக்காளி, எல்லாம் பாக்கெட் போட்டு விக்கறாங்க. மோர் மொளகா ஏ கிளாஸ், உப்பு கரெக்ட்டா இருக்கு. பாவக்கா வத்தல்ல உப்பு அதிகம். அம்மா ஊறுகா ரெண்டு பாட்டில் வாங்குச்சு, நான் மாங்கா இஞ்சி ஊறுகா வாங்கினேன், வீட்டுக்கு வந்து மூணு நாள்ல காலி. சிப்ஸுக்கு செலவு பண்ற காச இங்க செலவு பண்ணுங்க.

கள்ளுஷாப் போகலையான்னு கேப்பீங்க. தம்பிக்கு ஆச தான், அம்மா கூட இருக்கறப்ப எப்புடிங்க. கள்ளுக்கு நம்மூர்ல தடை, அங்க லைசன்ஸோட ஷாப்பே இருக்கு, கேரளாவுல ஓடற கள்ளுல பெரும் பங்கு பாலக்காட்டு சித்தூர் பக்கத்துத் தோப்புல எறக்கறது தான். குடிக்காட்டியும் கப்பையும் (மரவள்ளிக் கெழங்கு) மீன் கறியும் சாப்டவே போற ஆளுங்க உண்டு. அது தனியா ஒரு நாள் பிளான், கொழிஞ்சாம்பாற வழி போற பஸ்ல போகணும், இதோட கலக்காதீங்க. குடிச்சா அங்கயே குடிச்சு முடிங்க, பாட்டில்ல புடிச்சுட்டு வாளையார் தாண்டற வேல வேண்டாம்.

சாயந்தரம் நாலு மணிக்கு மேல பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைங்கள்ல பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) சூடா வரும், அதுக்கு முன்னாடி கண்ணாடிப் பெட்டில இருக்கறது காலைல போட்டது, தொடாதீங்க. நேந்திரம் நல்லா பழுத்து தோலு கறுத்திருக்கணும், அப்ப தான் உள்ள தேன் மாதிரி எளகும். சுகியனும் நல்லா இருந்துச்சு, பரிப்பு வட நம்ம மசால் வடைக்கிட்ட கூட வர முடியாது.

திரும்பி வர பஸ்ஸு ராத்திரி வரைக்கும் இருக்கு. ஞாயித்துக்கெழம சாயந்தரம் மட்டும் மாட்டிக்காதீங்க, கோயம்புத்தூர்ல வேலைக்கும் காலேஜுக்கும் இருக்கற மலையாளப் பசங்க பூரா பையத் தூக்கிட்டு அந்த நேரத்துல தான் ஏறுவாங்க, உக்கடம் வரைக்கும் நின்னுட்டு தான் வரணும். நாங்க போனது சனிக்கெழம, ஆறு மணி பஸ்ல மூணு பேருக்கும் சீட்டு கெடச்சுது, தம்பி வாளையாருக்கு முன்னாடியே தூங்கிட்டான்.