மாண்டெலுகாஸ்டா, தியோஃபிலினா?

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரோடு சேர்த்து எழுதித்தரும் மாத்திரைகள் இவை. மாண்டெலுகாஸ்ட், உடலில் வீக்கத்தைத் தூண்டும் லூக்கோட்ரையீன்கள் என்ற வேதிப்பொருள்களின் வேலையைத் தடுத்து மூச்சுக்குழாய் வீங்காமல் பார்த்துக்கொள்ளும். தும்மல், மூக்கொழுகலும் உள்ளவருக்குத் தோது, பெரியவர்களுக்கு ராத்திரி ஒரு 10 மில்லிகிராம், அவ்வளவுதான். ஆனால் கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்தது, அதனால் குழந்தைக்குக் கொடுத்தால் குணம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

தியோஃபிலின் பழசு, மலிவு, மூச்சுக்குழாயை விரிக்கும். தொல்லை என்னவென்றால், ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலே குமட்டல், படபடப்பு, ரொம்பக் கூடினால் வலிப்பு, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தாலும் அந்த அளவு கூடும், சிகரெட்டை நிறுத்தினாலும் கூடும் (நல்லது செய்யப்போய்!), டாக்டரிடம் சொல்லி டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் மாண்டெலுகாஸ்ட்தான். திடீர் மூச்சுத்திணறலுக்கு இரண்டு மாத்திரையுமே உதவாது, அப்போது மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் இன்ஹேலர்தான்.